மூன்று மூடிப் பால்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கருவாட்டுக் கிட்டங்கி இருந்ததாம். கருவாடு சேர்த்து வைக்கிற அந்தக் கிட்டங்கியிலே கருவாடும் கிடையாதாம், ஆளும் கிடையாதாம், பூனைகள் மட்டும் பதினேழு இருந்ததாம். பதினேழையும் எண்ணுவதற்கு ஒருத்தி வந்தாளாம். வந்தவள் பெயர் டெல்பின். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் டைப் அடிக்கிறவள், முப்பத்து நாலு வயசு, வியாழக்கிழமை என்றால் அரைநாள் லீவு போடுகிறவள். இன்றைக்கும் வியாழக்கிழமைதான். மதியம் இரண்டரை மணி. கிட்டங்கிக்குள் அடுக்கிக் கிடந்த காலி மரப்பெட்டிகளுக்குப் பின்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் நைலான் கயிறு இரண்டு சுற்று. கயிற்றின் மறுமுனை பதினைந்தடி தள்ளி ஒரு குச்சியின் அடியில் கட்டியிருந்தது. குச்சி ஒரு கம்பிவலைப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. பெட்டிக்கு அடியில் காகிதத்தில் அவித்த சாளை மீன். பூனை உள்ளே போகும், விரல் இழுக்கும், குச்சி சாயும், பெட்டி கவிழும். சொன்னால் இவ்வளவுதான். சொல்ல முடியாதது, அந்த விரலுக்கும் குச்சிக்கும் நடுவிலே உட்கார்ந்திருக்கும் நேரம். அசையக் கூடாது. இருமக் கூடாது. கொசு கடித்தால் கடிபட வேண்டும். மனசு மட்டும் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம், அதைக் கட்டிப்போடக் கயிறு கிடையாது. கிட்டங்கியை வாங்கியிருக்கிற ஆள் நல்லபடியாகத்தான் சொன்னார். பூனை இருந்துவிட்டுப் போகட்டும், குட்டி போட்டுக் குட்டி போட்டுப் பெருகக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் சரி, முடியாவிட்டால் சனிக்கிழமை எலிமருந்தை மீனில் தடவி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம், என்றார். ஒவ்வொன்றாகப் பிடித்து, டாக்டர் ஹபீபாவிடம் கொண்டுபோய், கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்து, மறுபடி பிடிபடாமல் இருக்க அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்த இடத்திலேயே விட்டாயிற்று. அப்படிப் பதினைந்து பூனை. பதினாறாவதாக முழுக் காதோடு ஒருத்தி மிச்சம், மூன்று நிறத்துக்காரி, எல்லாவற்றிலும் சின்னவள். பதினேழாவது என்று ஒன்று இப்போது கிடையாது. கிடையாது என்று இந்தக் கிட்டங்கியில் டெல்பினுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் வாசலில் காஸ்பார் மாமா சொன்னது இன்னும் காதுக்குள் முள்ளாக நின்றது. காஸ்பார் மாமா அந்தக் கிட்டங்கிக்கு வாட்ச்மேன். அறுபத்தெட்டு வயசு, இடது கண்ணில் புரை, வலது கண்ணும் அப்படி ஒன்றும் சுகமில்லை. கிட்டங்கி மூடின பிறகும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தே இருக்கிறவர். இன்றைக்கு அவள் ஆட்டோவை விட்டு இறங்கும் முன்னே எழுந்து வந்துவிட்டார். “ரோசம்மா வந்துட்டா பிள்ள!” முகமெல்லாம் சிரிப்பு. “எந்த ரோசம்மா?” என்று கேட்டாள் இவள், ஊரில் நூறு ரோசம்மா இருக்கிறதுபோல. “எந்த ரோசம்மாவா? பாளையங்கோட்டைக்குக் குடுத்துவிட்டியே, நம்ம கறுத்தவதான். நாலு நாளா வாறா. மூணு மணி ஆகணும், மூணாவது தூண்கிட்ட வந்து உக்காருதா. நான் வைக்கிறதத் தின்னுட்டுப் போயிருதா. காது வெட்டியிருக்கு, வால் நுனி மடங்கியிருக்கு. பின்ன வேற யாரு? சோபாவுல படுக்கப்போட்டாலும் கருவாட்டு வாசம் இழுத்துட்டு வந்துட்டு பாத்தியா.” ஆட்டோவுக்குள் இருந்து இசக்கிராசா, “முப்பது மைலு நடந்தா மாமா வந்தா? என்னைக் கூப்பிட்டிருந்தா ஏத்திட்டு வந்திருப்பேனே. ஊரெல்லாம் இப்பம் என் ஆட்டோவப் பூனை ஆட்டோன்னுதான் சொல்லுதானுவ. தெருவுக்குள்ள நுழைஞ்சா நாய்தான் எக்கா முதல்ல வரவேற்குது” என்றான். மாமா அவள் பக்கம் திரும்பினார். “அந்த வாத்தியார் வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாவ. போன் போட்டுச் சொல்லிரு பிள்ள, பாவம்.” டெல்பின் சொன்னாள், “சொல்லிருதேன் மாமா.” இன்றைக்கு எந்தப் பூனைக்கும் தட்டு வைக்காதீர்கள், பசித்தால்தான் சின்னவள் மீனுக்கு வருவாள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். “ரோசம்மாவுக்கும் கூடவா?” என்று பின்னால் இருந்து கேட்டார். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள்.

புரை விழுந்த கண். அதுதான். புரை விழுந்த கண்ணுக்குத் தூணின் நிழலும் பூனைதான். கறுப்பாகக் கடுவன், ஆண்பூனை, ஒன்று இருக்கிறது, அதற்கும் காது வெட்டியிருக்கிறது, அதைப் பார்த்திருப்பார். கடுவன் வால் மடங்காது, ஆனால் உட்காரும்போது எல்லா வாலும் மடங்கும். டெல்பின் மூச்சை மெல்ல விட்டாள். கிட்டங்கிச் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று வருஷமாகச் சரக்கு இல்லை, ஆனாலும் நாற்றம் போகவில்லை, சுவருக்குள்ளே மீன் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிற மாதிரி. ஓட்டில் உடைந்த இடத்தின் வழியே ஒரு பட்டை வெயில் இறங்கித் தரையில் கிடந்தது. அதன் விளிம்பு இரண்டு மணிக்கு முதல் தூணில் இருந்திருக்கும், இப்போது இரண்டாவது தூணைத் தொட்டுக்கொண்டிருந்தது, மூன்று மணிக்கு மூன்றாவதற்குப் போகும். வெயிலுக்கு அந்தப் பக்கம் இருட்டு. இருட்டுக்குள் அவை. ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்ட விருந்தாளிகள் மாதிரி. தராசு மேடையில் இரண்டு. சாக்குக் குவியலில் நாலு. எண்ணுவது ஒரு வியாதி. ஆரம்பித்தால் நிற்காது. தராசில் இரண்டு, சாக்கில் நாலு, ஆறு, சுவரோரம் மூன்று, ஒன்பது, உடைந்த வண்டிச் சக்கரத்துக்கு அடியில் ஒன்று, பத்து, படியில் மூன்று, பதிமூன்று, ஜன்னல் கட்டையில் கடுவன், பதினாலு, அதற்குக் கீழே ஒன்று, பதினைந்து. எல்லாம் இடது காது தட்டை. சரி. முடிந்தது. மூன்றாவது தூணுக்குப் பின்னால் இன்னும் ஒரு முதுகு. அது சின்னவளாக இருக்கும். இல்லை, சின்னவளுக்கு வெள்ளை உண்டு, செம்மண் நிறம் உண்டு. இந்த முதுகில் ஒன்றும் இல்லை. இந்த முதுகு இருட்டில் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. அதன் இடது காதும் தட்டை. பதினாறு. மறுபடி எண்ணினாள், வலமிருந்து இடமாக, ஏமாற்றுகிறவனைத் திரும்ப ஒருமுறை கணக்குச் சொல்லச் சொல்லுகிற மாதிரி. பதினாறு.

நகர்ந்திருக்கும். படியில் இருந்தது தூணுக்குப் போயிருக்கும். ஓடுகிற பூனையை எண்ணுவதும் அலையை எண்ணுவதும் ஒன்று. இங்கே காது வெட்டிய பூனை எல்லாம் அவள் கொண்டுபோய்க் கொண்டுவந்தவை, இந்த ஊரில் வேறு யாரும் இந்தக் கிறுக்கு வேலையைச் செய்கிறதில்லை, ஆக அது அவளுக்குத் தெரிந்த பூனையாகத்தான் இருக்க வேண்டும். இந்த யோசனை ஆறுதலாக ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த பூனை. அவளுக்குத் தெரிந்த காது. காகிதத்தின் முனையை மடித்துக் கிழித்த மாதிரி நேரான வெட்டு. மயக்க ஊசி போட்டதும் முதல் வேலை காதுதான், அப்புறம்தான் வயிறு. டாக்டர் ஹபீபா அப்படித்தான் செய்வாள், மறந்துவிடக் கூடாது என்று. அன்றைக்கும் காதை வெட்டி முடித்திருந்தாள். வயிற்றுக்கு வரவே இல்லை.

அன்றைக்கு என்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழன். காலையில் ஏழு மணிக்கே ரோசம்மா தானாகக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் கம்பியில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும், இவள் ஊருக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். படுதா போட்டு மூடினாலும் சத்தமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தார்கள், முன்னால் இரண்டு நாய்க்கும் ஒரு ஆட்டுக்கும் முறை. ஒன்பது ஆனது, பத்து ஆனது. படுதாவுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைச் சத்தம் மாதிரி இல்லை, கதவைத் திறக்கச் சொல்லி யாரோ மெதுவாகக் கேட்கிற மாதிரி. படுதாவைத் தூக்கினாள். ரோசம்மா கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். வெறுங் கம்பியை. வெறும் வயிறாக இருக்க வேண்டும், முந்தின ராத்திரியில் இருந்து ஒன்றும் கொடுக்கக் கூடாது, இது டெல்பின் ஊருக்கெல்லாம் சொல்லுகிற பாடம். போர்டில் எழுதியிருக்கிறது, அந்த போர்டை டைப் அடித்து ஒட்டியதே அவள்தான். அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான், எதிர்க்கடையில் வாங்கின பாலை, தண்ணீர் பாட்டில் மூடியில் ஊற்றிக் கம்பி வழியாக நீட்டினாள். ஒரு மூடி. இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும்? நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இரண்டாவது மூடி. அதன் நாக்கு அவள் கட்டைவிரலில் பட்டது, மரத்தூள் தேய்க்கிற மாதிரி. அதற்காகத்தான் மூன்றாவது மூடி. பசிக்காக இல்லை, அந்த நாக்குக்காக. இதை யாரிடம் சொல்லுவது? பாவம் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தன்னை ஆளுக்குப் பழகாத ஒரு பூனை நக்கிவிட்டது என்கிற பெருமை, அதுதான் மூன்றாவது மூடி. பதினோரு மணிக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பதினொன்றே காலுக்கு டாக்டர் ஹபீபா கதவைத் திறந்து நின்றாள். கையுறையில் வெள்ளையாக ஏதோ. “மேல வந்திருச்சு டெல்பின், மூச்சுக்குழாயில போயிருச்சு. ஏதாவது குடுத்தீங்களா?” “இல்ல டாக்டர்.” இரண்டே வார்த்தை. உப்புத்தாள் போலத் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு போன இரண்டு வார்த்தை. “அப்படின்னா என் டோஸ்தான்” என்றாள் ஹபீபா. தன் கையையே பார்த்தாள். இருபத்தெட்டு வயசுப் பெண். அதற்கப்புறம் ஒவ்வொரு ஊசிக்கும் மருந்தை இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள், அப்புறம் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறாள். போன வாரம் ஒரு கடுவன் பாதியிலே விழித்து மேஜையில் உதறியது. தையலைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். இன்றைக்குச் சின்னவள் பிடிபட்டால் நாளைக்கு அந்த மேஜைதான், அந்தக் கைதான். பிடிபடாவிட்டால் சனிக்கிழமை எலிமருந்து. எந்தப் பக்கம் இழுத்தாலும் கயிறு அதே விரலில்தான் இறுகுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலியோரம் புங்கைமரத்தடியில் மண்வெட்டி கடன் வாங்கி அவளே தோண்டினாள். அவளே தன் மஞ்சள் துப்பட்டாவில் சுற்றினாள். மண் போடும்போது காது மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது, அதை உள்ளே தள்ளினாளா இல்லையா என்பது ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் ஞாபகம் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, தாள் சிக்கின மிஷின் மாதிரி. சாயந்திரம் வெறுங் கூண்டோடு இங்கே வந்தாள். காஸ்பார் மாமா எழுந்து நின்றார். எங்கே என்று வாயால் கேட்கவில்லை, கூண்டைப் பார்த்தார். எங்கிருந்து வந்ததோ, “ஒரு வாத்தியார் வீட்டுல கேட்டாங்க மாமா, பாளையங்கோட்டையில. குடுத்துட்டேன்” என்றாள். மாமா கூண்டின் கதவைச் சாத்தினார். அப்புறம், “வாத்தியார் வீடுன்னா நல்ல வீடாத்தான் இருக்கும்” என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். மறுவாரம், “எப்படி இருக்காளாம்?” என்று கேட்டார். “சோபாவுலதான் படுக்கையாம்” என்றாள். அதற்கடுத்த தடவை வாத்தியாருக்கு ஒரு சம்சாரம் வந்தது, சம்சாரம் மீன் வாங்கப் போகும்போது ரோசம்மா வாசல்வரைக்கும் கூடப் போவது வந்தது, டிவியில் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கப் பாய்வது வந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொய் என்று தோன்றவே இல்லை. கதை அதுபாட்டுக்கு நடந்தது, இவள் பின்னாலே போனாள். ஆட்டோவில் வரும்போதே இந்தத் தடவை ரோசம்மா என்ன செய்தாள் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டின் வாசல் நீலமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தது. இல்லாத வீட்டில் இல்லாத பூனை நன்றாகத் தின்று கொழுத்துக்கொண்டு வந்தது. இப்போது அந்த வீட்டைவிட்டு இறங்கி, நீல வாசலைத் தாண்டி, முப்பது மைல் நடந்து, மூன்றாவது தூணுக்கு வந்துவிட்டதோ? மண்ணில் இருந்து வரவில்லை, தன் வாயில் இருந்து வந்தது. இப்படி ஒரு நினைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டதாக நினைத்துக்கொள்ளுமாம். இங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்தது எல்லாம் பூனைகள்.

திறந்தபோது சின்னவள் வந்திருந்தாள். சாக்குக் குவியலுக்குப் பின்னால் இருந்து வயிற்றைத் தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு யோசனையாக. இவள் ரோசம்மாவின் மகள். போன மழைக்குப் பிறந்தவள், இன்னும் முழு வளர்த்தி இல்லை. இரண்டு காதும் முழுசாக, நுனியில் வெயில் பட்டு ரத்த ஓட்டம் தெரிகிற மாதிரி. மீன்வாசம் அவளை இழுத்தது. தலை உள்ளே போனது. தோள் போனது. இப்போது இழுக்கக் கூடாது, வால்வரைக்கும் போகட்டும், அப்புறம். இடுப்பு போனது. வாலும் போனது. இப்போது. இப்போது டெல்பின், இப்போது. விரல் அசையவில்லை. விரலைப் பார்த்தாள். கயிறு இறுகி நுனி வெளுத்துப் போயிருந்தது, தன் விரல் மாதிரியே இல்லை, கடையில் தொங்குகிற ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. கம்பியை நக்கும் நாக்கு. கையுறையில் வெள்ளை. சின்னவள் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து ஓடிவிட்டாள். பெட்டி குச்சிமேல் அப்படியே நின்றது. வெளியே துறைமுகத்தில் மூன்று மணிச் சங்கு ஊதியது. நீளமாக ஊதி, நின்ற பிறகும் சுவருக்குள் கொஞ்ச நேரம் இருந்தது. இன்னும் ஒரு மீன் மிச்சம். ஒரு தடவை ருசி கண்டவள் மறுபடி வருவாளா, வயிறு நிறைந்தது என்று போய்விடுவாளா? வயிறு. ஒரு மீன் உள்ளே போய்விட்டது. பரவாயில்லை, ஆபரேஷன் நாளைக்குத்தான், இனிமேல் ஒன்றும் போகாமல் இருந்தால் போதும். எல்லாம் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பரவாயில்லை கையில் வைத்திருக்கிறவள் நீ. சனிக்கிழமை சின்னவள் இந்தத் தரையில் நுரை தள்ளிக் கிடந்தால் அதற்கும் ஒரு வாத்தியார் வீடு கட்டிக் கொடுப்பாயா? மாமா கேட்பார். மாமா கேட்டால் திருநெல்வேலியில் ஒரு வீடு, மாடிவீடு, ஊஞ்சல் வைத்து.

வெயில்பட்டை மூன்றாவது தூணுக்குப் போய்விட்டிருந்தது. தூணடியில் காஸ்பார் மாமாவின் அலுமினியத் தட்டு, இன்றைக்குக் காலியாக, உள்பக்கம் பளபளவென்று. தட்டுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை முதுகு இல்லை, முகம். வெயில் அதன்மேல் விழுந்தது, விழுந்தும் வெளிச்சமாகவில்லை. கறுப்பு. இடது காது நேராக வெட்டியிருந்தது. வால் காலைச் சுற்றி இருந்தது, நுனி தெரியவில்லை. டெல்பின் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் கடுவன் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். மறுபடி தூணைப் பார்த்தாள். அது இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாகப் பார்த்தால் தேவலை, பயமாகப் பார்த்தால் தேவலை. அது காத்திருந்தது, ஊருக்குப் போகிறவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. பெட்டிகளுக்குப் பின்னால் அவளுடைய முகம் அதற்குத் தெரியவே முடியாது, ஆனாலும் அது பார்த்தது அவள் முகத்தை இல்லை, விரலை. அப்போதுதான் சின்னவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பதுங்கவில்லை. அந்தக் கறுப்பின் பக்கமாகவே, அதன் தோளை உரசிக்கொண்டு போகிறவள் மாதிரி போய், நேராகப் பெட்டிக்கு அடியில் நுழைந்தாள். வாலும் போனது. டெல்பின் இழுக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பதற்கு முன்னாலேயே கயிறு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. குச்சி சாய்ந்தது, பெட்டி விழுந்தது, கிட்டங்கி முழுக்கப் படபடவென்று ஓட்டம், சாக்கு சரிவு, புழுதி. தான் இழுத்தாளா, அந்தப் பக்கத்தில் இருந்து இழுபட்டதா? விரலில் சிவப்பாக ஒரு கோடு. இழுத்தால் கோடு இந்தப் பக்கம் விழுமா அந்தப் பக்கம் விழுமா என்று அந்த அவசரத்திலும் ஒரு மனசு யோசித்தது.

ஓடிப்போய்ப் படுதாவைப் போட்டு மூடினாள். இருட்டானதும் உள்ளே முட்டல் அடங்கியது. கதவுப் பலகையை நகர்த்திப் பெட்டியில் இருந்து கூண்டுக்கு மாற்றினாள், கை தானாக வேலை செய்தது. தூணடியில் யாரும் இல்லை. தட்டு மட்டும். சத்தம் கேட்டு காஸ்பார் மாமா உள்ளே வந்துவிட்டார். “பட்டுட்டாளா? பட்டுட்டாளா பிள்ள? சபாஷ்!” குனிந்து படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். “எம்மாடி, என்ன முறைப்பு முறைக்கா. அம்மைக்காரி மாதிரியே இருக்கா. நாளைக்குக் காலம்பற வரைக்குமா இப்படிக் கிடக்கணும்? பாவம், பசிக்கும்லா.” சட்டைப் பையில் இருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார், அவித்த சாளை, அவருடைய மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது. இரண்டு விரலால் எடுத்துக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். அந்த இரண்டு விரலையும் டெல்பின் பார்த்தாள். நகக்கண்ணில் புகையிலைக் கறை. எவ்வளவு மெல்ல நீட்டுகிறார். பயப்படுகிற குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி.

“எடுங்க மாமா.”

“ஒரு துண்டுதான் பிள்ள.”

“எடுங்க. தின்னா செத்துப்போயிரும்.”

“சாளை தின்னு பூனை சாகுமாக்கும்? நல்ல கதையா இருக்கே.”

கதை என்ற அந்தச் சொல்தான் எங்கேயோ பட்டிருக்க வேண்டும். “ரோசம்மா அப்படித்தான் செத்தா” என்றாள். சொன்னது தன் குரல்தான் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. “மயக்கத்துல வயித்துல உள்ளது மேல வந்து மூச்சை அடைச்சிரும். நான்தான் பால் குடுத்தேன் மாமா. பாட்டில் மூடியில, மூணு மூடி. கூடாதுன்னு தெரிஞ்சே குடுத்தேன்.”

மாமாவின் விரல் கம்பிக்குள்ளேயே நின்றது. உள்ளே சின்னவள் சீறினாள், அவர் கையை எடுக்கவில்லை. நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார், அப்புறம் புரைக் கண்ணாலும் பார்த்தார், எதில் தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்கிறவர் மாதிரி.

“அப்பம் பாளையங்கோட்டை?”

“இல்ல மாமா.”

“அந்த வாத்தியாரு?”

“அப்படி யாரும் இல்ல.”

“மீன் வாங்கப் போகும்போது வாசல்வரைக்கும் கூடப் போவான்னியே.”

தலையை ஆட்டினாள்.

“சோபா?” என்று கேட்டார். மற்றதெல்லாம் போனாலும் அது ஒன்றாவது மிஞ்சும் என்று கேட்கிற மாதிரி கேட்டார். டெல்பினுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. மாமா மீனை வெளியே எடுத்தார். காகிதத்தில் வைத்தார். “டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?”

“ஒண்ணும் குடுக்கலைன்னு சொல்லிட்டேன்.”

“அப்படின்னா அந்தப் பிள்ள தன் கையைல்லா நொந்துக்கிட்டு இருக்கும்.” காகிதத்தை மடித்தார். “இன்னைக்கே சொல்லிரு. சொல்லாம இவ மேல ஊசி படப்படாது. நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து கேப்பேன், ஆமா.” திரும்பினவர் நின்றார். குரல் இறங்கியிருந்தது. “பிள்ள, அப்பம் நாலு நாளா என் தட்டுல தின்னுட்டுப் போறது யாரு?”

வேறு ஒரு பூனை, எங்கேயோ வெட்டின காது, புரை விழுந்த கண், நிழல், இப்படி எத்தனையோ கைவசம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பார். “தெரியல மாமா” என்றாள். “நானும் பாத்தேன்.”

காஸ்பார் மாமா மூன்றாவது தூணுக்குப் போனார். கூண்டில் இருந்து எடுத்த அந்த மீன்துண்டைத் தட்டில் வைத்தார், முள்ளை நீவி எடுத்துவிட்டு. “யாரா இருந்தா என்ன? பசிச்சுத்தான வருது” என்று தட்டிடம் சொன்னார். சாவியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் பெட்டியின்மேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. “பூட்டிட்டுக் கம்பியில மாட்டிரு.” வெளியே சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம். இசக்கிராசா, “என்ன மாமா, பூனை பட்டும் மூஞ்சி தொங்குது?” என்று கேட்டதும், சக்கரம் மணலில் நெறுநெறுவென்று போனதும் கேட்டது.

டெல்பின் முகத்தைத் துடைத்தாள். கூண்டைத் தூக்கினாள். சின்னவள் கனமே இல்லை, ஒரு தலையணை அளவுகூட இல்லை. படுதாவுக்குள் மூச்சு விடுவது கைப்பிடி வழியாகத் தெரிந்தது. “மூணு மூடி, டாக்டர்” என்று கூண்டிடம் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை தொண்டையில் ஒன்றும் சுரண்டவில்லை. கதவுவரைக்கும் வந்திருப்பாள். பின்னால், உள்ளே, சிமெண்டுத் தரையில் அலுமினியத் தட்டு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது, நக்குகிற நாக்குக்குத் தட்டு தள்ளிப்போகிற அந்தச் சத்தம். பதினைந்து வெளியே ஓடின. ஓடினதில் ஒன்று திரும்பி வந்திருக்கலாம். திரும்பினால் எண்ண வேண்டியிருக்கும். டெல்பின் திரும்பவில்லை. கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கம்பியில் மாட்டிவிட்டு, கூண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி ஆட்டோவை நோக்கி நடந்தாள்.